முதல் கல்யாணத்துக்கு எந்த கேமரா?

ஓவிய ஆசிரியர் வேலையிலிருந்து 2011ல் ஓய்வு பெற்றேன். ஆனாலும் நிலக்கோட்டையில் யாராவது கேமரா என்று பேச்செடுத்தால், "டிராயிங் சாரைப் போய்ப் பாருங்க" என்று என் வீட்டைக் கைகாட்டி விடுகிறார்கள். நான் ஸ்டுடியோ வைத்தவன் இல்லை. வாத்தியார் வேலையில் இருந்துகொண்டு காசு வாங்கிப் படம் எடுக்கவும் முடியாது. சொந்தம், சிநேகிதம், அக்கம்பக்கம் என்று சும்மா எடுத்துக் கொடுத்த கல்யாணங்கள்தான். அதுவே அறுபதுக்கு மேல் இருக்கும்.

வருகிறவர்கள் எல்லாரும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள். கேள்வி ஒன்றேதான். "சார், முதல் தடவையா ஒரு கல்யாணம் எடுக்கப் போறேன். எந்த கேமரா வாங்கலாம்?"

நான் உடனே பதில் சொல்வதில்லை. திருப்பி மூன்று கேள்வி கேட்பேன். முகூர்த்தம் எத்தனை மணிக்கு? கல்யாணம் மண்டபத்திலா, கோயிலிலா, வீட்டுப் பந்தலிலா? தாலி கட்டுகிற நேரத்தில் உன் கையில் இருக்கிற கேமரா நின்றுபோனால் அடுத்து எதை எடுப்பாய்?

முதல் இரண்டுக்கும் பதில் வந்துவிடும். மூன்றாவதில் பையன் தலையைச் சொறிவான். பேச்சை அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

மலையைப் படம் எடுக்கிறோம், சரியாக வரவில்லை என்றால் மறுநாள் போகலாம். சிறுமலை எங்கேயும் போய்விடாது. தாலி கட்டு அப்படி இல்லை. ஐயர் கையை உயர்த்திக் கெட்டிமேளம் சொன்னதிலிருந்து மூன்றாவது முடிச்சு விழுகிற வரை மிஞ்சிப் போனால் அரை நிமிஷம். மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட, மீதி இரண்டையும் நாத்தனார் போடுவது பல வீடுகளில் வழக்கம். ஆக, பெண்ணின் கழுத்தைச் சுற்றி நாலு கை. பின்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர். நாலு பக்கமிருந்தும் அட்சதை வந்து விழும். உட்கார்ந்திருந்த கூட்டம் மொத்தமும் எழுந்து நிற்கும். இத்தனைக்கும் நடுவில் பெண்ணின் முகம், மாப்பிள்ளையின் கை, தாலி மூன்றும் தெரிகிற மாதிரி ஒரு படம் வேண்டும். "இன்னொரு தடவை கட்டுங்க மாப்பிள்ளை" என்று கேட்க முடியாது. அப்படிக் கேட்ட ஒரு போட்டோகிராபரையும் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் அடிக்க வந்துவிட்டார்கள்.

ஆகவே முதல் கல்யாணத்துக்குச் சாமான் தேர்ந்தெடுப்பது என்பது, அந்த அரை நிமிஷத்துக்குத் தேர்ந்தெடுப்பதுதான்.

நான் எடுத்த முதல் கல்யாணம் 1984 ஆவணியில். அப்போது திண்டுக்கல் மாவட்டமே இல்லை. மறு வருஷம் செப்டம்பரில்தான் பிரித்தார்கள். அதுவரை நாங்கள் மதுரை மாவட்டத்துக்காரர்கள். கூடப் படித்த நண்பனின் தங்கைக்குக் கல்யாணம். அரை ஏக்கர் மல்லிகைத் தோட்டத்தை நம்பி இருந்த குடும்பம். ஸ்டுடியோவுக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு பந்திக்குச் சாப்பாடு போட்டுவிடலாம் என்று அவன் அப்பா கணக்குப் பார்த்தார். "மாப்ள, நீயே எடுத்துரு. பிலிமுக்கு மட்டும் நான் காசு தந்துர்றேன்" என்றான் நண்பன்.

என்னிடம் சொந்தமாக இருந்தது அக்பா கிளிக் 3. அந்தக் காலத்தில் பாதி வீடுகளில் இருந்த பெட்டி கேமரா. உங்களில் பலரும் அதன் முன்னால் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றிருப்பீர்கள். வெயிலுக்கென்றே பிறந்தது அது. இந்தக் கல்யாணத்துக்கோ காலை நாலரை ஆறு முகூர்த்தம், கீற்றுப் பந்தல், இரண்டு டியூப் லைட். கிளிக் 3 அங்கே உதவாது. இரவல் தேட வேண்டியதாயிற்று.

இரண்டு கேமரா கிடைத்தது. ஒன்று, தெரிந்த ஸ்டுடியோக்காரர் ஒருவர் சென்னை பர்மா பஜாரில் வாங்கி வைத்திருந்த யாஷிகா மேட் 124 ஜி. மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். வயிற்றுக்கு நேராகப் பிடித்து, தலையைக் குனிந்து மேல்புறக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். அதில் இடது வலதாகவும் வலது இடதாகவும் தெரியும். ஒரு 120 பிலிம் ரோலில் பன்னிரண்டே படம்.

இன்னொன்று, சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த என் மைத்துனரின் பென்டாக்ஸ் கே 1000. 1976ல் வந்த மாடல். கண்ணில் வைத்துப் பார்த்தால் உள்ளதை உள்ளபடி காட்டும். ஒரு ரோலுக்கு 36 படம். பேட்டரி தீர்ந்தாலும் வெளிச்சம் அளக்கிற முள்தான் படுக்கும், கேமரா நிற்காது.

பார்த்தவர்கள் எல்லாரும் பென்டாக்ஸைத்தான் எடுக்கச் சொன்னார்கள். சிங்கப்பூர்ச் சாமான், புதுசு, படமும் மூன்று மடங்கு. நான் யாஷிகாவை முதல் கேமராவாக வைத்துக்கொண்டேன். அதற்கு மூன்று காரணம் இருந்தது.

முதல் காரணம், பிலிமின் அளவு. யாஷிகாவில் ஒரு நெகட்டிவ் 56 மில்லிமீட்டருக்கு 56. பென்டாக்ஸில் 36க்கு 24. பெருக்கிப் பாருங்கள், 3136க்கு 864. மூன்றரை மடங்குக்கும் மேலே. கும்பலாக நிற்கிற படத்தில் ஒவ்வொரு முகத்துக்கும் அந்த அளவுக்கு அதிக இடம் கிடைக்கும்.

இரண்டாவது, பிளாஷ். பென்டாக்ஸில் பிளாஷ் போட்டால் வேகம் அறுபதில் ஒரு விநாடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் படத்தில் ஒரு பகுதி இருட்டாகிவிடும். யாஷிகாவில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. ஐந்நூறில் ஒரு விநாடி வரை எந்த வேகத்திலும் பிளாஷ் சரியாக விழும்.

மூன்றாவது, கூட்டம். யாஷிகாவைத் தலைகீழாகத் திருப்பி இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால், அண்ணாந்து கண்ணாடியைப் பார்த்துப் படம் எடுக்கலாம். முன்னால் பத்துப் பேர் எழுந்து நின்றாலும் மணவறை தெரியும். ஸ்டுடியோக்காரர் நாலு ஞாயிற்றுக்கிழமை என்னை அவர் கடையில் வைத்து இதைப் பழக்கிவிட்டார். காலி கேமராவைத் தூக்கித் தூக்கித் தோள் வலித்தது.

பென்டாக்ஸை விட்டுவிடவில்லை. அதைச் சொந்தக்காரரான மைத்துனர் கையிலேயே கொடுத்து மணவறைக்கு எதிர்ப்பக்கம் நிற்கச் சொன்னேன். ஆள் இரண்டு, கேமரா இரண்டு, பிளாஷ் இரண்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தனித்தனியாக வேலை செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு.

பிலிம் கறுப்பு வெள்ளைதான். கலர் பிலிம் விலையும் அதிகம், கழுவ வெளியூருக்கு அனுப்பவும் வேண்டும். யாஷிகாவுக்குக் கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஆர்வோ என்.பி. 22 மூன்று ரோல். பென்டாக்ஸுக்கு ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் இந்து பிலிம் ஒன்று. அந்தத் தொழிற்சாலையில் 1967லிருந்து பிலிம் செய்தார்கள். எக்ஸ்ரே பிலிமிலிருந்து நம் வீட்டுக் குழந்தை படம் வரை அங்கிருந்து வந்தது. இப்போது அது மூடிக் கிடக்கிறது.

பிளாஷ் கணக்கு ஒன்று சொல்கிறேன். என் பிளாஷின் சக்தி எண் அடிக்கணக்கில் 80. இந்த எண்ணைத் தூரத்தால் வகுத்தால் லென்ஸை எவ்வளவு திறக்க வேண்டும் என்பது வந்துவிடும். ஏழு அடி என்றால் எஃப் 11, பத்து அடி என்றால் எஃப் 8, பதினான்கு அடி என்றால் எஃப் 5.6. நாதஸ்வரச் சத்தத்தில் வகுத்தல் கணக்குப் போட முடியுமா? முந்தின நாள் சாயங்காலமே ஒரு சணல் கயிற்றில் ஏழு, பத்து, பதினான்கு அடிகளில் முடிச்சுப் போட்டு, மணவறையிலிருந்து பிடித்துப் பார்த்துத் தரையில் சுண்ணாம்பால் மூன்று கோடு கிழித்துவிட்டேன். கோடு தெரிந்தால் போதும், எண் தானாக வந்துவிடும். டிராயிங் மாஸ்டருக்குக் கோடு கிழிக்கச் சொல்லித்தர வேண்டுமா!

மூன்று ரோல் என்றால் 36 படம். இன்றைக்கு மாப்பிள்ளை காரிலிருந்து இறங்குவதற்குள் அத்தனை எடுத்துவிடுகிறார்கள். நான் நோட்டில் எழுதிப் பங்கு போட்டேன். பெண்ணழைப்புக்கு 4, தாய்மாமன் சீருக்கு 3, மாலை மாற்றுவதற்கு 2, தாலி கட்டுக்கு 6, குடும்பப் படங்களுக்கு 14, பந்திக்கு 2, கைவசம் 5. தாலி கட்டுக்கு முன்னால் ரோலில் மூன்று படம் பாக்கி இருந்தது. ஆனாலும் கழற்றிவிட்டுப் புது ரோல் போட்டேன். இருப்பது தீரட்டும் என்று காத்திருந்தால் சரியாக அந்த நேரத்தில்தான் தீரும். கைவசம் வைத்திருந்ததில் மூன்று அதற்குப் போயிற்று.

கெட்டிமேளம் கொட்டியது. முதல் முடிச்சை எடுத்துவிட்டேன். பின்னாலிருந்து கூட்டம் ஒரு தள்ளுத் தள்ளியதில் யாருடைய முழங்கையோ பட்டு, பிளாஷையும் கேமராவையும் இணைக்கிற ஒயர் கழன்று தொங்கியது. அதைத் தேடிப் பிடித்துச் சொருகிக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கம் பளிச்சென்று ஒரு மின்னல். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. மைத்துனர் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. அந்த ஆல்பத்தில் நாத்தனார் முடிச்சுப் போடுகிற படம் இரண்டும் பென்டாக்ஸில் எடுத்ததுதான்.

அந்த நிமிஷத்தில் எனக்கு நம்பிக்கை வந்தது. நல்ல கேமரா ஒன்றைவிடச் சுமாரான கேமரா இரண்டு மேல். இரண்டாவது கேமரா இருக்கிறது என்ற தைரியத்தில் முதல் கேமராக்காரன் கை நடுங்காது. அந்த நிதானம் படத்திலும் தெரியும்.

இனி யாஷிகாவின் பெரிய நெகட்டிவ் என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணின் அப்பத்தாவுக்கு எண்பது வயதுக்கு மேல். காதில் தண்டட்டி தோள் வரை தொங்கும். வாழ்நாளில் ஒரு படம்கூட எடுத்துக்கொண்டதில்லை. எடுத்தால் ஆயுசு குறையும் என்பது அவர் எண்ணம். கல்யாணத்தன்றும் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். கடைசிக் குடும்பப் படத்துக்குப் பேத்தி மாலையும் கழுத்துமாகப் போய், கையைப் பிடித்து இழுத்துவந்து, முன் வரிசை ஓரத்தில் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். அப்பத்தா கேமராவைப் பார்க்கவில்லை. பேத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எடுத்துவிட்டேன்.

அடுத்த வருஷம் பங்குனியில் அப்பத்தா காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வைக்கப் படம் இல்லை. நண்பன் ராத்திரி என் வீட்டுக் கதவைத் தட்டினான். "மாப்ள, கல்யாணப் படத்துல அப்பத்தா இருக்குல்ல?" என்றான். நெகட்டிவில் அந்த முகம் ஒரு மிளகு அளவுதான். குளியலறையில் சிவப்பு விளக்குப் போட்டு, என்லார்ஜர் தலையை மேலே கடைசி வரை தூக்கி, எட்டுக்கு ஆறு அளவில் பிரிண்ட் போட்டேன். மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. ஆனால் அந்தத் தண்டட்டி, அந்த முகச் சுருக்கம், பேத்தியைப் பார்க்கிற அந்தக் கண் எல்லாம் இருந்தது. டெவலப்பர் தட்டில் முகம் மெல்ல எழுந்து வந்தபோது பக்கத்தில் நின்ற நண்பன் பேசவே இல்லை. அந்தப் படம் இன்றைக்கும் அவர்கள் வீட்டு நடையில் மாலையோடு தொங்குகிறது.

இப்படி எத்தனை வீடு! மாலை போட்டு மாட்டியிருக்கிற பழைய படங்களை உற்றுப் பாருங்கள். தோள் பக்கத்தில் இன்னொருவரின் சட்டை கொஞ்சம் தெரியும். ஏதோ ஒரு கல்யாணக் கும்பலிலிருந்து வெட்டி எடுத்த முகம் அது. நம் ஊர்ப் பக்கம் அந்தத் தலைமுறைக்குப் படம் என்று ஒன்று மிஞ்சியது பெரும்பாலும் யாரோ ஒருவர் கல்யாணத்தில்தான். கல்யாணத்துக்குக் கேமரா தூக்குகிறவன் இதைத் தெரிந்துகொண்டு தூக்க வேண்டும்.

பிறகு கலர் வந்தது. வீடியோக்காரரும் அவருடைய கண் கூசும் லைட்டும் வந்தார்கள். டிஜிட்டல் வந்தது. பிலிம் எண்ணிச் செலவழிக்கிற காலம் போயிற்று. ஆனால் தாலி கட்டு அதே அரை நிமிஷம்தான்.

போன தை மாதத்துக்கு முன்னால் பின் தெருப் பையன் ஒருவன் வந்தான். பி.காம். முடித்தவன். அப்பா பூ கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறார். பையனிடம் கேனன் 1500டி இருந்தது, கூடவே வருகிற 18-55 லென்ஸோடு. நண்பனின் அக்கா கல்யாணத்தை எடுக்க ஒப்புக்கொண்டிருந்தான். அதற்காகப் புதுசாக ஒரு மிரர்லெஸ் கேமராவும் இரண்டு பெரிய லென்ஸும் வாங்குவதாகத் திட்டம். லட்சக்கணக்கில் விலை. முன்பணத்துக்கு அம்மாவின் இரண்டு பவுன் செயினை அடகு வைக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. யூடியூபில் பார்த்து எல்லாக் கேமராவின் குணமும் மனப்பாடமாகச் சொன்னான்.

"தம்பி, செயின் எங்கேயும் போக வேண்டாம். நாளைக்கு விடியக்காலையில உன் கேமராவை எடுத்துக்கிட்டு நம்ம பூ மார்க்கெட்டுக்குப் போ" என்றேன்.

நம் பூ மார்க்கெட் ஒரு கல்யாண வீடு மாதிரிதான். யோசித்துப் பாருங்கள். முழுசாக விடிந்திருக்காது. ஒரு பக்கம் டியூப் லைட், ஒரு பக்கம் எல்.இ.டி. பல்பு. மூட்டை தூக்குகிறவர்கள் இடித்துக்கொண்டு போவார்கள். தராசில் பூ அள்ளிப் போடுகிற கை நிற்காது. ஏலம் கேட்கிறவர் முகம் ஒரு விநாடி திரும்பும், மறு விநாடி மறைந்துவிடும். யாரும் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள். மல்லிகையின் வெள்ளையும், அதைக் கட்டுகிற நம் ஆட்களின் கறுப்பு நிறமும் ஒரே படத்தில் சரியாக வர வேண்டும். வெள்ளை வேட்டி நிறைந்த மண்டபத்தில் வருகிற அதே சிக்கல் இது. வெள்ளை அதிகம் இருந்தால் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும். நாம்தான் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் "என்னப்பா, எங்க பிள்ளையக் கறுப்பா எடுத்துட்ட?" என்று கேட்பார்கள்.

மூன்று நாள் போனான். நாலாம் நாள் வந்தவன் யூடியூப் பேச்சை விட்டுவிட்டான். "சார், லென்ஸ்தான் படுத்துது. கிட்டக்க இழுத்தா இருட்டாயிடுது, கை எல்லாம் ஆடிப் போயிடுது" என்றான். சரியாகப் பிடித்துவிட்டான். அந்த 18-55 லென்ஸை 55க்கு இழுத்தால் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எஃப் 2.8 லென்ஸ் அதைப்போல நாலு மடங்கு வெளிச்சம் விடும். எஃப் 1.8 கிட்டத்தட்ட பத்து மடங்கு. அவனுக்குப் புதுக் கேமராவை விடத் திறப்பு அதிகமுள்ள லென்ஸ்தான் முதலில் தேவை. வாங்கியது 50 எம்.எம். எஃப் 1.8 ஒன்று மட்டும். கேனன் லென்ஸ்களில் விலை குறைந்தவற்றில் அது ஒன்று. அவனுடைய சின்ன சென்ஸார் கேமராவில் போட்டால் 80 எம்.எம். போல வேலை செய்யும். முகம் எடுக்க அம்சமாக இருக்கும்.

மீதியை நாள் வாடகைக்குப் பேசினோம். திண்டுக்கல்லில் ஒரு கடையில் கேனன் 5டி மார்க் 3, கூட 24-70 எஃப் 2.8 லென்ஸ். 2012ல் வந்த கேமரா. "பழசா இருக்கே சார்?" என்றான். காரணத்தைச் சொன்னேன். அதில் இரண்டு கார்டு போடலாம். எடுக்கிற ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதியும்படி வைக்கலாம். ஒரு கார்டு செத்தாலும் கல்யாணம் சாகாது. அவனுடைய 1500டியில் ஒரே கார்டுதான்.

அடுத்த காரணம், இரண்டும் ஒரே கம்பெனி. வாடகைக் கேமரா நடுவில் நின்றுவிட்டால் அந்த 24-70 லென்ஸைக் கழற்றி 1500டியில் மாட்டிக்கொண்டு வேலையைத் தொடரலாம். 50 எம்.எம். லென்ஸும் இரண்டிலும் பொருந்தும். ஆனால் 18-55 லென்ஸ் பெரிய கேமராவில் ஏறாது. அதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பேட்டரியும் வேறு வேறு. ஆளுக்கு இரண்டு பேட்டரி, இரண்டு சார்ஜர், மண்டபத்தில் ஒரு பிளக் பாயின்ட்டும் முந்தின நாளே பேசிவைக்க வேண்டும். பிளாஷைக் கடையிலேயே இரண்டு கேமராவிலும் மாட்டி அடித்துப் பார்க்கச் சொன்னேன். இப்போது வருகிற சில விலை குறைந்த கேனன் கேமராக்களில் பிளாஷ் மாட்டுகிற இடத்தில் நடுப் புள்ளியை எடுத்துவிட்டார்கள். எல்லா பிளாஷும் அதில் எரியாது. இது தாலி கட்டுகிற நேரத்தில் தெரியவேண்டிய விஷயம் இல்லை.

மண்டபத்து விளக்குக்கு ஒரு குறிப்பு. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் விநாடிக்கு நூறு தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஆயிரத்தில் ஒரு விநாடி வைத்து எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும், சிலதில் பட்டை பட்டையாகவும் வரும். நூறில் ஒரு விநாடி என்றால் பெரும்பாலும் தப்பிக்கலாம். கை ஆடுவதை பிளாஷ் நிறுத்திக் கொடுக்கும். பிளாஷைக் கூரையில் அடித்துத் திருப்புகிற வித்தையை எல்லா இடத்திலும் செய்யக் கூடாது. சிவப்பும் மஞ்சளுமாகத் துணிப் பந்தல் போட்டிருந்தால் பெண் முகமெல்லாம் அந்தக் கலர் வந்துவிடும்.

இன்னொன்று சாமான் இல்லை, பேச்சு. வீடியோக்காரரோடு முந்தின நாளே டீ குடித்துவிட வேண்டும். அவர் எந்தப் பக்கம், நாம் எந்தப் பக்கம் என்று பேசிக்கொள்ள வேண்டும். பேசாவிட்டால் தாலி கட்டுப் படத்தில் அவருடைய முதுகு பிரமாதமாக வரும்.

டிரோன், பெரிய டெலி லென்ஸ், பின்னால் மங்க வைக்கிற விலை உயர்ந்த லென்ஸ் இதெல்லாம் முதல் கல்யாணத்துக்கு வேண்டியதில்லை. இருபது கல்யாணம் எடுத்த பிறகு எது குறைகிறது என்று அவனுக்கே தெரியும். அன்றைக்குச் சம்பாதித்த காசில் வாங்கட்டும்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் பையன் லேப்டாப்போடு வந்தான். தொள்ளாயிரத்துச் சொச்சம் படம். தாலி கட்டு அம்சமாக வந்திருந்தது. ஒரு கையும் மறைக்கவில்லை. நான் ஒன்று கேட்டேன். "வீட்டுப் பெரியவங்களைத் தனித்தனியா எடுத்தியாப்பா?" எடுத்திருந்தான். அந்த 50 எம்.எம். லென்ஸில். பெண்ணின் தாத்தா பந்தி ஓரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தூரத்தில் பேத்தி சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிற படம் ஒன்று. ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுந்திருந்தது. அந்தப் படத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

வாடகை போகக் கையில் நின்றது பெரிய தொகை இல்லை. ஆனால் கடன் இல்லை. அவன் அம்மாவைப் போன வாரம் பூக்கடைப் பக்கம் பார்த்தேன். செயின் கழுத்தில் இருந்தது.

அவனுக்குக் கடைசியாகச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். படம் எடுப்பதோடு வேலை முடியவில்லை. கார்டை அழிப்பதற்கு முன் இரண்டு வேறு வேறு ஹார்டு டிஸ்கில் ஏற்ற வேண்டும். ஒன்று உன் வீட்டில், ஒன்று வேறு ஒருவர் வீட்டில். 1984 நெகட்டிவ் இன்னும் என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் முகம் தெரிகிறது. ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நல்லதாக ஐம்பது படத்தையாவது காகிதத்தில் போட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலோ பரணிலோ பழைய கல்யாண ஆல்பம் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துத் தூசி தட்டுங்கள். கும்பல் படங்களின் பின்புறம், யார் யார் என்று வரிசையாக மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். அழுத்த வேண்டாம், முன்பக்கம் தடம் விழும். பால் பாயின்ட் பேனா வேண்டவே வேண்டாம், மை ஊறும். இடது ஓரத்தில் நிற்பவர் யார் என்று தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு வருகிறோம். நமக்குத் தெரிந்ததை நாம் எழுதி வைத்துவிட வேண்டும்.